தலையாட்டிய புறாவுக்கு ராஜா கொடுத்த மாடம்

பட்சிகளும் மனுஷர்களும் ஒரே பேச்சுப் பேசிவந்த அந்தக் காலத்தில், ஒரு ராஜா அரண்மனை கட்டினார். தூணும் கூரையும் முடிந்து, சுவர்ப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் விட்டு அரைப்பார்கள். கடைசிப் பூச்சுக்கு மட்டும் முட்டையின் வெள்ளைக்கரு சேர்க்கணும். காயும்போது கூழாங்கல்லால் தேய்த்தால், சுவரில் முகம் பார்க்கலாம்.

ராஜா தெய்வபயம் உள்ளவர். எந்தத் தாயையும் கேட்காமல் முட்டை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். கேட்டபோதெல்லாம் கோழிகள் கூடை கூடையாகக் கொடுத்தன.

சிம்மாசனத்துக்குப் பின்சுவரில் ஒரு முழம் பாக்கி இருக்கும்போது முட்டை தீர்ந்துபோனது. கலவையோ இறுகிக்கொண்டு வந்தது. கொத்தனார் சாத்தையா அண்ணாந்து பார்த்தார். சாரத்துக் கம்பு செருகுவதற்காகச் சுவரில் விட்டிருந்த பொந்து ஒன்றில் ஒரு புறா கூடு கட்டி, ரெண்டு முட்டை இட்டிருந்தது.

"தாயி, அந்த ரெண்டையும் எடுத்துக்கட்டுமா?"

புறா வாயில் குச்சியோடு விளிம்பில் நடந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு இடிக்கிற சத்தத்தில் அதற்குக் காதே கேட்கவில்லை. நடந்தால் புறாவுக்குத் தலை ஆடும். கடவுள் அதை அப்படித்தான் படைத்திருக்கிறார். கொத்தனார் அதைச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டார்.

குச்சி வளைசலாக இருக்கிறதென்று வேறு குச்சி தேடிப் போன புறா, திரும்பி வந்தால் பொந்து காலி. கீழே முட்டை ஓடு கிடந்தது. நேரே ராஜாவிடம் போய், என் பிள்ளைகள் எங்கே என்று கேட்டது. ராஜா கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் எதையும் மறைக்கவில்லை.

"நீ தலையாட்டினியே தாயி."

"நான் நடந்தேன், ஐயா."

ராஜா அந்தச் சுவரைச் சுரண்டி எடுக்கச் சொன்னார்.

"வேண்டாம் ராஜா. உள்ளே இருக்கிறவங்களுக்கு வலிக்கும்," என்றது புறா. "நாளைக்குப் பொந்தை எல்லாம் அடைக்கப் போறாங்களாம். என் பொந்தை மட்டும் விட்டுவைங்க. பக்கத்திலேயே இருந்துக்கிறேன்."

சாத்தையா தாமே சாரம் ஏறி, அந்தப் பொந்தின் விளிம்பை வளைவாகச் செதுக்கி, ராஜா வீட்டு விளக்குமாடம் மாதிரி அழகாக்கிக் கொடுத்தார். இனி இது பொந்து இல்லை, மாடம். எந்த அரண்மனையிலும் இதை அடைக்கக் கூடாது என்று ராஜா சொல்லிவிட்டார்.

காக்கை வந்து கேலி பண்ணியது. தலையை ஆட்டியே ராஜா வீட்டில் குடியேறிவிட்டாயே, இனிமேலாவது கேட்டதற்கு வாயால் பதில் சொல் என்றது. புறா அதன் பக்கம் திரும்பவே இல்லை. தன் பேச்செல்லாம் இனிப் பிள்ளைகளோடுதான் என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

அன்று முதல்தான் அதற்கு மாடப்புறா என்று பேர் வந்தது. ராஜாக்கள் போய், கூரை விழுந்து, வௌவாலும் விட்டுப்போன அரண்மனையில்கூட அது இருக்கிறது. சுவரோடு தொண்டைக்குள்ளேயே என்னமோ சொல்லிவிட்டு, சற்று நிறுத்தி, பதில் வருகிறதா என்று தலையைச் சாய்த்துக் கேட்கிறது.