பெண் ஜாதகத்துக்கு மட்டும் அணையுற கம்ப்யூட்டர்

ஒரு ஊர்ல ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சாம். கெழட்டுக் கம்ப்யூட்டர். இப்ப மடியில வச்சுத் தட்டுறாங்களே, அந்த மாதிரி ஒல்லி இல்ல. மேசை மேல தொப்பை வச்ச மாதிரி ஒரு திரை, கீழ ஒரு தகர டப்பா, பக்கத்துல ஒரு பிரிண்டர். மூணுக்கும் சந்தனப் பொட்டு. ஏன்னா அது சும்மா கணக்குப் போடுற கம்ப்யூட்டர் இல்ல, ஜாதகம் எழுதுற கம்ப்யூட்டர். ம் சொல்லு. ம், அப்படித்தான்.

அதுக்குச் சொந்தக்காரர் பரமகுரு ஜோசியர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல கடை. வாசல்ல 'கணினி ஜோதிட மாமணி'ன்னு போர்டு. அந்தப் பட்டத்தை யார் குடுத்தான்னு கேக்காதே, போர்டு எழுதுறவன் பக்கத்துல நின்னு அவரே சொல்லி எழுத வச்சது. அவருக்கு அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணக்கூடத் தெரியாது. ஆனா வர்றவங்க கிட்ட, ஓலைச்சுவடி அத்தனையையும் நான்தான் இதுக்குள்ள ஏத்தி வச்சிருக்கேன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவார். கண்ணைத் திறந்து சொன்னா சிரிப்பு வந்துடும்ல.

ஆன் பண்றது, பேரு, பிறந்த நாள், நேரம் எல்லாம் தட்டுறது, பன்னெண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து மஞ்சள் தடவி நீட்டுறது, எல்லாம் சண்முகக்கனி. கடையில வேலைக்கு இருந்த பொண்ணு. இருபத்தாறு வயசு. கனி, கனின்னு கூப்பிடுவாங்க.

அப்போ அந்தத் தகர டப்பா இருக்குல்ல, அதுக்குள்ள பின்பக்கமா இன்னொரு குட்டி டப்பா உண்டு. எஸ்.எம்.பி.எஸ்.னு பேரு. அதுக்கு என்ன வேலையா? சுவத்துல இருந்து வர்ற கரண்ட் முரட்டுக் கரண்ட். அப்படியே குடுத்தா கம்ப்யூட்டர் கருகிடும். அதை வாங்கி, முரட்டுத்தனத்தைக் குறைச்சு, உனக்குச் சோத்தைப் பிசைஞ்சு உருட்டி ஊட்டுறேனே, அந்த மாதிரி ஊட்டுறது அது. பாவம், பத்து வருஷமா ஊட்டுது. அதுக்கு மூச்சு விட ஒரு குட்டி ஃபேன். அந்த ஃபேன் மேல பத்து வருஷத்துச் சாம்பிராணிப் புகை, கற்பூரப் புகை, ஊதுபத்திச் சாம்பல். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணுன்னு தெய்வம் மாதிரி பூசை பண்ணிப் பண்ணியே அதோட மூச்சை அடைச்சுட்டார் மனுஷன்.

அப்புறம் என்ன ஆச்சு? ஆன் பண்ணினா 'ஙொய்ங்ங்ங்'னு ஒரு சத்தம். அரை மணி நேரம் நல்லா ஓடும். சூடு ஏறும். லேசா ஒரு தீஞ்ச வாடை. அப்புறம் 'டொக்'. அணைஞ்சு போகும். அரை மணி நேரம் ஆற விட்டாத்தான் மறுபடி உசுரு வரும்.

அவரோட பழைய பிரிண்டர்ல ஒரு ஜாதகம் எடுக்கவும் சரியா அரை மணி நேரம். அதனால ஒத்த ஜாதகம் பார்க்க வந்தவங்களுக்கு ஒண்ணும் தெரியல. பொருத்தம் பார்க்க வந்தாத்தான் ரெண்டு ஜாதகம். அதுல எது முதல்ல? மாப்பிள்ளையோடதுதான் முதல்ல. அந்த ஊர்ல பந்தியில முதல் இலை மாப்பிள்ளை வீட்டுக்கு, கார்ல முன் சீட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு, கம்ப்யூட்டர்ல மட்டும் விட்டுக் குடுத்துடுவாங்களா?

முதல்ல உலகம்மாள்னு ஒரு பொண்ணு. பீடி சுத்துற பொண்ணு, கை வேகம் அப்படி. மாப்பிள்ளை ஜாதகம் 'சர்ர்க், சர்ர்க்'னு பன்னெண்டு பக்கமும் வந்துச்சு. அப்புறம் உலகம்மாள் ஜாதகம். ஒண்ணு, ரெண்டு, மூணு... 'டொக்'.

ஜோசியர் ஒரு நிமிஷம் பேந்தப் பேந்த முழிச்சார். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டார். இந்தப் பொண்ணுக்குச் செவ்வாய் உக்கிரமா இருக்கு, எந்திரமே தாங்கலைன்னுட்டார். ஒரு வாழைமரத்தை மாப்பிள்ளையா நிறுத்தி, தாலி கட்டி, அந்த மரத்தை வெட்டிப் போட்டாத்தான் கழியுமாம். மரத்துக்குக் கை ஏதுன்னு கேக்குறியா? உனக்குத் தோணுது பாரு, அங்க இருந்த பெரிய மனுஷங்க ஒருத்தருக்கும் தோணல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காபி கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அன்னைக்கே கனி ஜோசியர் கிட்ட சொன்னா. ஐயா, இது செவ்வாய் இல்ல, எஸ்.எம்.பி.எஸ். போகுது, மாத்திடலாம்னு. அவர் ஒரு எலுமிச்சம்பழமும் ஏழு பச்சைமிளகாயும் கோத்து அந்த டப்பா மேல கட்டச் சொன்னார்.

ரெண்டாவது மாரிச்செல்வி. இந்தத் தடவை அஞ்சாம் பக்கத்துல 'டொக்'. ஜோசியருக்கு இப்ப முழிக்கக்கூட வேலை இல்ல, நாகதோஷம்னு தயாரா வச்சிருந்தார். நாகத்தோட மூச்சுக்காத்து பட்டே எந்திரம் நின்னுடுச்சாம். வந்தவங்க வந்த பஸ்ஸிலேயே திரும்பிட்டாங்க. கனி மறுபடி சொன்னா. அவர் சாம்பிராணியை இன்னும் ரெண்டு சுத்து சுத்தச் சொன்னார்.

அப்புறம் பாரு, ஊரெல்லாம் பேச்சு. பரமகுரு கடைக் கம்ப்யூட்டர் தோஷத்தைக் கண்டா தானா நின்னுடும்னு. எட்டு ஊர்ல இருந்து ஆள் வந்துச்சு. அதுலயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குக் கொண்டாட்டம். வேண்டாத சம்பந்தத்தைக் கழிச்சு விட இதைவிடச் சுத்தமான வழி ஏது? பழி கம்ப்யூட்டர் மேல போயிடுதே. கனி மூணாவது தடவை சொன்னப்போ ஜோசியர் நேராவே கேட்டார்.

"கனி, உனக்குச் சம்பளம் வருதா இல்லையா?"

வருது. அவ வாயை மூடிக்கிட்டா. கனி நல்லவதான், ஆனா அவளும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தா, அதையும் சொல்லணும்ல. தூங்கிட்டியா? ம்.

அப்போ கனிக்கே ஒரு இடம் வந்துச்சு. ஆறுமுகநயினார். வீடு வீடாப் போய் வயரிங் வேலை பார்க்கிறவன். பெண் பார்க்க வந்த அன்னைக்கு கனி வீட்டு டியூப் லைட் 'மினுக் மினுக்'னு கண்ணடிச்சுது. எல்லாரும் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பஜ்ஜி தின்னாங்க. அவன் நாற்காலியில ஏறி ஸ்டார்ட்டரைத் திருகினான், பளிச்னு எரிஞ்சுது, இறங்கிக் கையைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்தான். கனிக்கு அது பிடிச்சுப் போச்சு. கோளாறைப் பார்த்தாக் கை சும்மா இருக்காத ஆளு, இவன்னா சரின்னு மனசுல முடிச்சு போட்டுட்டா.

ஆனா நயினாரோட அம்மா பேச்சியம்மாள், பரமகுரு கம்ப்யூட்டர் சொன்னாத்தான் தாம்பூலம்னுட்டா.

அவங்க பொருத்தம் பார்க்கக் கடைக்கு வந்த அன்னைக்குக் காலையில கனி என்னென்னவோ பண்ணிப் பார்த்தா. ஐயா, இன்னைக்கு ஒரு நாள் என் ஜாதகத்தை முதல்ல போடுறேன்னா. முறை முறைதான்னுட்டார். சரி, டப்பாவுக்குப் பின்னால டேபிள் ஃபேனைத் திருப்பி வச்சா. பூசை விளக்கு அணையும்னு அவர் அதையும் நிறுத்திட்டார். பிரிண்டரையாவது வேகமா ஓட விடலாம்னு பார்த்தா, அது பேப்பரைக் கடிச்சுத் துப்புச்சு. அப்புறம் என்ன, நாற்காலியில உட்கார்ந்து மாப்பிள்ளை ஜாதகத்தைத் தட்டினா. 'சர்ர்க், சர்ர்க்', பன்னெண்டு பக்கம். அடுத்து அவளோடது. ஒண்ணு. ரெண்டு. மூணு. விரலைக் கோத்துக்கிட்டுக் கும்பிடுற மாதிரி உட்கார்ந்திருந்தா. நாலு...

'டொக்'.

ஜோசியருக்குக் கொஞ்சமாச்சும் கூச்சம் இருக்கணுமே. மூணு தடவை தன்கிட்ட வந்து சொன்ன பொண்ணாச்சேன்னு இருக்கணுமே. கண்ணை மூடினார். வேலை பார்க்கிற பொண்ணுன்னு நான் தயவு பார்க்க முடியாது, எட்டாமிடத்துல சனி உட்கார்ந்திருக்கு, மாப்பிள்ளை உசுருக்கே ஆகாதுன்னார். பேச்சியம்மாள் சேலையை உதறிக்கிட்டு எந்திரிச்சா.

கனி நயினாரைப் பார்த்தா. தீஞ்ச வாடை மூக்கைத் துளைக்குது. டப்பா கொதிக்குது. வயரைத் தொட்டே வயிறு வளர்க்கிறவன், இவன் சொல்லுவான்னு பார்த்தா. அவன் அவங்க அம்மா முகத்தைப் பார்த்தான். அப்புறம் செருப்பைப் பார்த்தான்.

அப்போதான் கனிக்குத் தொண்டை திறந்துச்சு.

"அத்தை, அரை மணி நேரம் உட்காருங்க. இன்னொரு தடவை பார்த்திடலாம். இந்தத் தடவை என் ஜாதகம் முதல்ல."

ரெண்டாவது தடவை பார்க்கிறது சாஸ்திரத்துல இல்லைன்னு ஜோசியர் குதிச்சார். பேச்சியம்மாள்தான், ரெண்டு தடவை அணைஞ்சா நம்மளை யாரும் குறை சொல்ல மாட்டாங்க சாமி, பார்க்கட்டுமேன்னு மறுபடி உட்கார்ந்தா. என்ன நல்ல மனசு பாரு.

அரை மணி நேரம் டப்பா ஆறுச்சு. ஜோசியர் விசிறிக்கிட்டார். அப்புறம் கனி சுவிட்சைப் போட்டா. 'ஙொய்ங்ங்ங்'. அவ ஜாதகம் வந்துச்சு. நாலு தாண்டிச்சு. ஏழு. பத்து. பன்னெண்டு பக்கமும் ஒரு எழுத்து குறையாம வந்து விழுந்துச்சு. சனி எங்கயோ டீ குடிக்கப் போயிட்டார் போல.

அடுத்து நயினார் ஜாதகம். ஒண்ணு. ரெண்டு. மூ...

'டொக்'.

ம்? ம் சொல்லு. ஆமா, டொக்தான்.

ஜோசியர் கண்ணை மூடப் போனார். பேச்சியம்மாள் முந்திக்கிட்டா. இது கரண்ட் கோளாறு சாமி, வோல்டேஜ் பத்தலைன்னா. தலைக்கு மேல லைட் ஜம்முன்னு எரியுது, அவளுக்கு வோல்டேஜ் பத்தலையாம். அப்போ, அவ்வளவு நேரமும் சும்மா இருந்த நயினாருக்குப் பேச்சு வந்துடுச்சு.

"ஆமாம்மா, எஸ்.எம்.பி.எஸ். போயிடுச்சு. சூடேறினா நின்னுடும்."

கனி மெதுவாத்தான் கேட்டா.

"உங்களுக்குத் தெரியுமா?"

"இதென்ன, வாடையிலயே தெரியுதே."

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாலயும் இதே வாடைதான் வந்துச்சு."

அவன் மறுபடி செருப்பைப் பார்த்தான்.

அவ்வளவுதான். கனி பிளக்கைப் பிடுங்கினா. ஸ்க்ரூடிரைவர் எடுத்தா, நாலு திருகாணி, அப்புறம் இன்னும் நாலு. நீ இதெல்லாம் தொடாதே, ஷாக் அடிச்சுடும். குட்டி டப்பாவை வெளிய எடுத்து மூடியைத் திறந்தா. உள்ள அடுப்புக்கரி மாதிரி புகை அப்பியிருக்கு. கரண்ட்டைப் பிடிச்சு வைக்கிற குட்டி உருளைங்க மண்டை உப்பி, வெடிச்சு, பிசின் ஒழுகி நிக்குது. அதைக் கொண்டுபோய் ஜோசியரோட தாம்பாளத்துல, வெத்தலைக்குப் பக்கத்துல வச்சா.

"ஐயா, உலகம்மாளோட செவ்வாய், மாரிச்செல்வியோட நாகம், என்னோட சனி, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. எண்ணிக்கோங்க."

அவர் எண்ணலை. கனி அந்த டப்பாவைத் திரும்பக் கையில எடுத்துக்கிட்டு, சம்பளமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு படியிறங்கி, நேரா உலகம்மாள் வீட்டுக்குப் போனா.

அங்க வர்ற வெள்ளிக்கிழமைக்கு வாழைமரம் பார்த்து வச்சிருந்தாங்க. உலகம்மாள் மடியில பீடித் தட்டு. கனி சொல்லச் சொல்ல அவ கை நிக்கல, சுத்திக்கிட்டே கேட்டா. எல்லாம் கேட்டுட்டுத்தான் தட்டைக் கீழ வச்சா.

"ஏட்டி, மூணு மாசமா இது தெரிஞ்சுதான் அந்த நாற்காலியில உட்கார்ந்திருந்தியா?"

"ஆமாக்கா."

"உனக்கு அணைஞ்சப்புறம்தான் எங்களை ஞாபகம் வந்துச்சாக்கும்."

கனி அதுக்கும் ஆமான்னுதான் சொன்னா. வேற என்ன சொல்ல? உலகம்மாள் எந்திரிச்சுச் செருப்பை மாட்டினா. என் காதுல வந்து சொல்லி என்ன பண்ண, எல்லாரும் கேக்குற இடத்துல போய்ச் சொல்லுன்னா. போற வழியில மாரிச்செல்வியையும் கூப்பிட்டுக்கிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு நடுவுல, டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு, அன்னைக்குச் சாயங்காலம் வந்த பஸ் அத்தனைக்கும் கனி சொன்னா. நான்தான் தட்டினேன், நான்தான் சொல்லாம இருந்தேன்னு அதையும் சேர்த்தே சொன்னா. தொண்டை கட்டினப்போ உலகம்மாள் சோடா வாங்கிக் குடுத்துட்டு, இன்னும் ரெண்டு பஸ் இருக்கு, சொல்லுன்னா.

வாழைமரம் பிழைச்சுது. ஜோசியர் என்ன ஆனாருன்னா, வெக்கமே இல்லாம புது எஸ்.எம்.பி.எஸ். வாங்கி மாட்டினார். கம்ப்யூட்டர் இப்ப நாள் பூரா நிக்காம ஓடுது, எந்தப் பொண்ணு ஜாதகத்துக்கும் அணையல. ஊர்ல சில பேரு என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தப் பொண்ணு கை பட்டு அதோட அருள் போயிடுச்சு, இனி அங்க போய் என்ன பிரயோஜனம்னு அடுத்த ஊரு ஜோசியர் கிட்ட போயிட்டாங்க. அவங்களைத் திருத்த எந்தப் பெட்டியை மாத்துறது?

நயினாரா? வந்தான். பதினஞ்சு நாள் கழிச்சு, தனியா, சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு வந்தான். கனி வாசல்ல நின்னா. அவளுக்கு இன்னும் கொஞ்சம் ஆசை இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல முடியாது.

"அம்மாவைச் சம்மதிக்க வச்சுட்டேன்," அப்படின்னான்.

"என்னை யார் சம்மதிக்க வைக்கிறது?"

அவன் அதை யோசிச்சுட்டு வரல. நின்னான், நின்னான், குனிஞ்சு செருப்பைத் தேடினான்.

கனி உள்ள போய்க் கதவைச் சாத்தினா. அவ சாத்தினதோட கதையும் சாத்தியாச்சு. நீயும் கண்ணைச் சாத்திக்கிட்டுத் தூங்கு.