பகலில் சாத்திய கதவு

"'மெட்ராஸ்லதான் முப்பது வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தே. இங்கேயும் வந்து சாத்திக்கிட்டா நான் எதுக்கு ஊருக்கு வந்தேன்?' இப்படிக் கேக்கறாரும்மா. ஒரு வார்த்தை கூட்டலை, குறைக்கலை," என்றாள் அம்சவேணி.

"கேட்டேன்தான்," என்றார் தனுஷ்கோடி. "தப்பா?"

"தப்பில்லையா?"

நாச்சியம்மா இருவர் முன்னாலும் ஆளுக்கொரு கட்டு முருங்கைக்கீரையைப் போட்டாள்.

"ஆய்ஞ்சுகிட்டே சண்டை போடுங்க."

தனுஷ்கோடிக்கு அறுபது வயது. அரசாங்க வேலையில் ஓய்வு பெற்ற மறுமாதமே, மனைவி அம்சவேணியையும் இரண்டு மிக்ஸிகளையும் ஏற்றிக்கொண்டு சொந்த ஊரான வாகைப்பொட்டலுக்கு வந்துவிட்டார். வந்து நான்கு மாதம். இந்த நான்கு மாதத்தில் அவர் செய்த ஒரே வேலை, காற்றைப் புகழ்ந்தது.

நாச்சியம்மாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஊருக்கு வெளியே குளக்கரையில் இரண்டு அறை, ஓர் அடிகுழாய். அதைத்தான் சுற்றுவட்டாரம் மடம் என்கிறது. இப்போது மூவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது அங்கேதான். வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும்போதெல்லாம் இந்தத் தம்பதி அவளிடம் வந்து உட்கார்ந்து, அவளையே குரு என்று வைத்துக்கொண்டார்கள். குருவுக்கு அவர்களிடம் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை.

"வெள்ளிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன்," என்றாள் அம்சவேணி. "ஒரு டிக்கெட்."

தனுஷ்கோடியின் கை கீரையில் நின்றது. அவருக்கு இது புதுச் செய்தி.

"அயனாவரம் ஃப்ளாட் என் பேர்ல இருக்கு. நான் அங்கே இருந்துக்கறேன். இவர் இங்கேயே காத்து வாங்கட்டும்."

"திரும்பி எப்போக்கா?" என்றாள் நாச்சியம்மா.

"திரும்பறதுக்கு எடுக்கலை."

அன்று செவ்வாய்க்கிழமை.

"அப்படி என்ன குறை இந்த ஊர்ல?" என்றார் தனுஷ்கோடி. குரல் இறங்கியிருந்தது.

"என்ன குறையா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், மத்தியானம் கண்ணை மூடினேனா? கதவைச் சாத்தினா போதும். 'என்ன மதினி, கதவு சாத்தியிருக்கு, காய்ச்சலா?' 'என்ன சித்தி, கதவு சாத்தியிருக்கு, சித்தப்பாவோட சண்டையா?' ஒருத்தி மிளகு ரசம் வச்சு எடுத்துக்கிட்டு வந்துட்டா. ஒருத்தி வாசல்ல உட்கார்ந்து அழவே ஆரம்பிச்சுட்டாம்மா!"

"யார் செத்துப்போனதுன்னு விசாரிச்சுட்டுத்தானே அழுதா?"

"நீங்க பேசாதீங்க."

வாகைப்பொட்டலில் பகலில் வாசல் கதவு சாத்திக் கிடந்தால் அதற்கு மூன்றே அர்த்தம். உள்ளே நோவு, சண்டை, இல்லையென்றால் சாவு. நாலாவதாகத் தூக்கம் என்று ஒன்று இருப்பதை ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்சவேணி விடுகிறவளா? தென்காசியிலிருந்து ஆசாரியை வரவழைத்து, மெட்ராஸ் வீட்டில் இருந்ததுபோலவே கதவுக்கு மூன்று தாழ்ப்பாள், ஒரு சங்கிலி, உள்ளேயிருந்து பார்க்க ஒரு கண்ணாடித் துளை எல்லாம் வைத்தாள். மறுநாளே தபால்காரர் அந்தத் துளையில் வெளியிலிருந்து கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஆள் நடமாட்டம் இருக்கு, பயப்படாதீங்க" என்று தெருவுக்கு அறிவித்தார்.

"மெட்ராஸ்ல கதவைத் திறந்து வச்சதே இல்லையாக்கா?" என்று கேட்டாள் நாச்சியம்மா.

"ஒரே ஒரு தடவை. பால் அடிப்பிடிச்சு வீடெல்லாம் புகை. போகட்டும்னு திறந்து வச்சேன். ரெண்டு நிமிஷம்தான். செக்யூரிட்டி வந்துட்டான். அசோசியேஷன் செக்ரட்டரி லுங்கியோட வந்துட்டார். பத்து வருஷமா பேர்கூடத் தெரியாத எதிர் ஃப்ளாட்டுக்காரி வந்து, 'எனிதிங் ராங், மேடம்?'ங்கறா."

"அப்புறம்?"

"கதவைச் சாத்தினேன். போயிட்டாங்க."

"ம்," என்றாள் நாச்சியம்மா.

எழுந்து உள்ளே போனாள். ஒரு சருவப் பாத்திரத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். அதன் மேல் ஒரு தட்டு மூடியிருந்தது. பிறகு பழைய இடத்தில் உட்கார்ந்து கீரையை எடுத்துக்கொண்டாள்.

சண்டை விட்ட இடத்தில் தொடர்ந்தது.

"நீ ஊரோட ஒட்டலை."

"ஊர் என்னை விட்டாத்தானே ஒட்டறதுக்கு? எந்நேரமும் மேலேயே உட்கார்ந்திருந்தா எங்கேயிருந்து..." அம்சவேணி நிறுத்தினாள். "அந்தச் சருவத்துல என்ன?"

நாச்சியம்மா கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாயசமா?" என்றார் தனுஷ்கோடி.

அம்சவேணி இரண்டு காம்பு ஆய்ந்தாள். மூன்றாவது காம்பில் பொறுமை போய்விட்டது. தட்டைத் தூக்கினாள்.

சருவம் காலி.

"உட்கார வச்சுக் கேலி பண்றீங்களா? நான் வீட்டை விட்டுப் போறேன்னு சொல்லிட்டிருக்கேன், நீங்க காலிப் பாத்திரம் காட்டறீங்க."

"புரியலையாக்கா?"

"புரியுது, மூடி வச்சாத்தான் எட்டிப் பார்ப்பாங்க. நான் கான்வென்ட்ல படிச்சவ. இதைவிடப் பெரிய பாத்திரத்தையெல்லாம் மதர் காட்டியிருக்காங்க. ஆனா திறந்து வச்ச பாத்திரத்துக்குள்ள யாரும் வந்து கால் நீட்டி உட்கார்ந்து வெத்தலை போடறதில்லையே?"

நாச்சியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். குருமார்கள் அப்படிச் சிரிக்கலாமா என்பது போல் தனுஷ்கோடி பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் கதவைத் திறந்து போடுங்க. விடிஞ்சதுலேருந்து விளக்கு வைக்கிற வரைக்கும். அதுக்கு மேல உங்க இஷ்டம், உங்க ரயிலு."

"வர்றவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

"அண்ணாச்சி சொல்லுவாங்க. வந்தவங்களுக்குக் காப்பியும் அவங்களே போடுவாங்க. விளக்கு வைக்கிற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"என் ஊரு," என்றார் தனுஷ்கோடி. "எனக்கென்ன?"

புதன்கிழமை.

மூன்று தாழ்ப்பாளையும் விலக்கி, சங்கிலியைக் கழற்றி, அம்சவேணி கதவை அகலத் திறந்தாள். உள்ளறையில் போய் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏழு மணிக்குள் முதல் குரல்.

"என்ன அண்ணாச்சி, கதவு திறந்திருக்கு? என்ன விசேஷம்?"

நாலு மாதமாகச் சாத்திக் கிடந்த கதவு திறந்திருக்கிறதே, அதைவிட என்ன விசேஷம் வேண்டும்? மேலத்தெரு வந்தது. கீழத்தெரு வந்தது. ஆடு மேய்க்கப் போனவர் ஆட்டை வாசலில் நிறுத்திவிட்டு வந்தார்.

"மதினி எங்கே? கோவிச்சுக்கிட்டு மெட்ராஸ் போயிட்டாங்களா?"

"உள்ளேதான் இருக்கா."

"சத்தத்தையே காணோம்?"

"பேச மாட்டா. குரு சொல்லியிருக்காங்க."

"பேசக் கூடாதுன்னா? ஐயோ, தொண்டையில கட்டியா?"

"கட்டியெல்லாம் இல்லை."

"மறைக்காதீங்க அண்ணாச்சி. எங்க மாமாவும் முதல்ல இப்படித்தான் சொன்னாரு."

உள்ளறையில் அம்சவேணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். சிரிப்புக்காகத்தான்.

தனுஷ்கோடி பதில் சொன்னார். காப்பி போட்டார். டம்ளர் கழுவினார். தன் சர்க்கரை அளவைச் சொன்னார். தலைமுடி எந்த வயதில் கொட்டியது என்று சொன்னார். காற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் ஒன்றரை மணிக்கு, வேஷ்டியை மடித்துக் கட்டியபடி உள்ளறை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி.

"அம்சா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு அரை மணி நேரம். அரை மணி நேரம் மட்டும் கதவைச் சாத்திக்கட்டுமா?"

அம்சவேணி உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

வாசலில் அடுத்த குரல் கேட்டது. தனுஷ்கோடி கரண்டியோடு திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை.

வந்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் காப்பி வேண்டாம் என்றார்கள். நேற்றே குடித்துப் பார்த்துவிட்டார்களாம்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டு முத்துக்கிளி, தலையில் சோளச்சாக்கோடு வாசல் வழியாக உள்ளே வந்தாள். கூடத்தைக் கடந்தாள். அடுப்படியைக் கடந்தாள். புழக்கடைக் கதவைத் திறந்து வெளியே போனாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எங்கே போறே?" என்றார் தனுஷ்கோடி.

"மில்லுக்கு. உங்க அப்பா இருந்த காலத்துலேருந்து இதுதானே வழி? நாலு மாசமா ஊரைச் சுத்திப் போனோம்." திரும்பி நின்று சேர்த்துக்கொண்டாள். "மதினிகிட்ட சொல்லிருங்க, பாவம், கட்டி சின்னதாத்தான் இருக்கும்."

அன்று மத்தியானம் தனுஷ்கோடி படுக்கலாமா என்று பாயை எடுத்தபோது ஒருவர் வந்தார். அவர் போய், மறுபடி பாயை எடுத்தபோது அவருடைய தம்பி வந்தார்.

விளக்கு வைத்தாயிற்று. அம்சவேணி கதவைச் சாத்தினாள். இப்போது பேசலாம்.

தனுஷ்கோடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியபடியே கேட்டார்.

"நாலு மாசம் எப்படித் தாங்கினே?"

இந்தக் கேள்விக்கு அம்சவேணியிடம் இருபது பதில்கள் தயாராக இருந்தன. இரண்டு நாளாக உள்ளறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தீட்டி வைத்திருந்தாள். ஒன்றைவிட ஒன்று கூர்மை.

"காப்பித்தூள் தீர்ந்துபோச்சு," என்றாள்.

"தீரட்டும்," என்றார் அவர். "இனிமே நான் கேட்க மாட்டேன். நீ சாத்து, திற. என்னவோ பண்ணு. நான் வந்து சொன்னது தப்பு."

"எதைச் சொன்னது?"

"ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம நீ அங்கே ஒப்பிச்சியே, அதைத்தான்."

ஆனாலும் அவள் பெட்டியை எடுத்து அடுக்கத்தான் செய்தாள். டிக்கெட் டிக்கெட்தான்.

வெள்ளிக்கிழமை.

விடிந்ததும் கதவைத் திறந்தாள். நாற்காலியை இன்று கூடத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

எட்டு மணி. யாரும் வரவில்லை.

ஒன்பது. மேலத்தெருக்காரி ஒருத்தி வாசலைக் கடக்கும்போது, "சோறாச்சா மதினி?" என்று கேட்டுக்கொண்டே போய்விட்டாள். நடையைக்கூடக் குறைக்கவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை.

பத்தரை. தபால்காரர் கடிதத்தை உள்ளே எறிந்துவிட்டு சைக்கிளை மிதித்தார்.

பதினொன்று. முத்துக்கிளி மாவோடு புழக்கடையில் நுழைந்து வாசல் வழியாகப் போனாள். காற்று நுழைந்து போனதுபோல் இருந்தது.

பன்னிரண்டுக்கு நாச்சியம்மாவே கையில் கீரைக்கட்டோடு தெருவில் போனாள். அம்சவேணி எழுந்து நின்றாள். குரு திரும்பி இந்த வீட்டைப் பார்த்தாள், கூடம் தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, நிற்கிறவள் தெரிந்தாள். அப்படியே நடந்து போய்விட்டாள்.

அம்சவேணி அடுப்படியில் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். முழுச் சாப்பாடு. ரசம் வரைக்கும், மோர் வரைக்கும். நடுவில் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. மெட்ராஸில் இப்படி ஒரு சாப்பாடு எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். கூரியர், கியாஸ், இன்டர்காம், கேபிள். யோசிப்பதை விட்டுவிட்டு இன்னொரு கரண்டி மோர் விட்டுக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்தாள்.

தனுஷ்கோடி பாயில் கிடந்தார். இரண்டு நாள் ஊருக்கே பதில் சொன்ன மனுஷன். வாய் திறந்திருந்தது. ஒரு கை பாய்க்கு வெளியே கிடந்தது. அடித்துப் போட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

வாசலில் நுழைந்த காற்று அவர்மேல் ஏறி இறங்கிப் புழக்கடை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதன் குறுக்கே நின்று பார்த்தாள். புடவைத் தலைப்பு பறந்தது.

காற்று நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை.

மணி இரண்டு. நான்கு மணிக்கு ஆட்டோ. போனை எடுத்தாள்.

"சண்முகக்கனியா? வர வேண்டாம்."

"நாளைக்கு வரட்டுமாக்கா?"

"வேண்டாம்."

"பின்னே எப்போ?"

"தேவைப்பட்டா நானே கூப்பிடறேன். கத்தாதே, இங்கே தூங்கறாங்க."

பெட்டியைத் திறந்து, மேலாக வைத்திருந்த தன் தலையணையை மட்டும் எடுத்தாள். கூடத்துக்குக் கொண்டுவந்து பாயருகில் நின்றாள். காற்று வரும் பக்கம் முழுவதையும் அவரே அடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க," என்றாள். "கொஞ்சம் தள்ளிப் படுங்க."