பொதியனின் பூவுறிகள்

கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களும் கொஞ்சம் காதைக் கொடுங்கள். மன்னர் வாய் திறந்தால் மரமும் இலை அசைக்காமல் நின்ற காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் கருங்குன்ற நாட்டை நெடுமுடியான் என்ற அரசன் ஆண்டான்.

அவனுக்கு ஒரே மகள், இளம்பிறை. ஒருநாள் தோட்டத்தில் பூப்பறிக்கப் போன குழந்தையைப் பாம்பு தீண்டிவிட்டது. வைத்தியர் புண்ணியத்தில் பிழைத்தாள். அரசன் பாம்பைத் தேடினான், கிடைக்கவில்லை. உடனே தோட்டத்தையே எரித்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று ஊர் முணுமுணுத்தது. உரக்கச் சொல்ல யாருக்குத் துணிச்சல்?

பூ இல்லாமல் குழந்தை வாடினாள். அரசன் முரசறைந்து அறிவித்தான்: பங்குனி விழாவுக்குள் மண்டபம் முழுக்கப் பூச்செடிகள் தொங்க வேண்டும், பாம்பு அண்டாதபடி ஒரு வேரும் தரையைத் தொடக் கூடாது.

தோட்டக்காரர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். அந்த நாட்டு வழக்கம் அப்படி. அரச வேலை ஏற்பவன் தன் வீட்டாரில் ஒருவரைக் கோட்டைக்குள் பிணையாக விடவேண்டும். வேலை கெட்டால் பிணையாளை உப்பளத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போனவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

அப்போதுதான் பொதியன் முன்னே வந்தான். அவன் உறி கட்டுகிறவன். புளிச்சைச் செடியின் நாரைத் திரித்து அவன் கட்டிய உறியில்தான் அந்த ஊர் அடுக்களைகளில் தயிர்ப்பானையும் நெய்ச்சட்டியும் தொங்கின. அடுப்புப் புகை ஏற ஏற இறுகும் கயிறு அது. பாட்டன் உறி பேரனுக்கும் உதவும். அந்தப் பெருமையில் அவனுக்குத் தலை கால் புரியவில்லை. பானை தொங்கினால் செடி தொங்காதா என்று சபையில் சொல்லிவிட்டான். வாழ்நாளில் ஒரு கீரை விதைகூட அவன் போட்டதில்லை!

அவனுக்கு இருந்த ஒரே உறவு அவன் மனைவி வேம்பி. காவலர் வந்து அவளை அழைத்துப் போனார்கள். போகும்போது அவள் அழவில்லை. உன் நாக்குக்கு ஓர் உறி கட்டியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாள்.

முதலில் பொதியன் உறிகளைக் கூடைபோல நெருக்கிப் பின்னி, ஏரி வண்டலை அடைத்தான். கொழுத்த மண்ணல்லவா என்று நினைத்தான். நீர் பட்டதும் அது களியாக இறுகியது; வேர் மூச்சுவிட முடியாமல் அழுகியது. தை பிறந்துவிட்டது.

இரண்டாவதாக ஆற்று மணலை நிரப்பினான். ஊற்றிய நீரெல்லாம் கீழே ஒழுகியது. மேலே செடி கருகியது. மாசியும் வந்துவிட்டது. கோட்டை மதிலைப் பார்க்கும்போதெல்லாம் வேம்பியை நினைத்து நாளை எண்ணினான்.

மூன்றாவதாக மட்கிய இலையும் சாண எருவும் தேங்காய் நார்த்தூளும் செம்மண்ணோடு கலந்தான். நடுவில் மரிக்கொழுந்தை நட்டான். விளிம்பில் சங்குப்பூக் கொடியைத் தொங்கவிட்டான். உயரத்தில் காற்று மண்ணைச் சீக்கிரம் உலர்த்தும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவன், காலையும் மாலையும் ஏணியில் ஏறி நீர் வார்த்தான். தளிர் விட்டது, கொடி இறங்கியது, மண்டபமே நீலமாய்ப் பூத்தது. ஊரார் வியந்தார்கள். பொதியன் பழைய பெருமையோடு மீசையைத் தடவினான்.

விழா நாள் காலை. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இளம்பிறைக்கு ஓர் இருக்கை போட்டிருந்தார்கள். அதற்கு நேர் மேலே தொங்கியதுதான் மிகப் பெரிய உறி. கடைசியாக நீர் வார்த்த பொதியன் கயிற்றைப் பிடித்தான். ஒரு புரி அவன் விரலோடு வந்தது. முகர்ந்தான், அழுகல் நாற்றம். புகையில் இறுகிய நார் ஈரத்தில் இற்றுப்போயிருந்தது. மண்ணைச் சந்தேகித்தான், செடியைச் சந்தேகித்தான். தன் கயிற்றை மட்டும் அவன் சந்தேகிக்கவே இல்லை.

மாற்றிக் கட்ட நேரமில்லை. வாசலில் மேளம் கேட்டது. இன்று ஒரு பொழுது தாங்கிவிடும் என்றது ஆசை. சொன்னால் வேம்பி உப்பளத்துக்குப் போவாள் என்றது பயம். உறிக்காரன் உறியே அறுந்ததென்றால் ஊர் சிரிக்கும் என்றது மானம். மூன்றும் சேர்ந்து அவன் வாயைக் கட்டின.

அரசன் வந்தான். குழந்தை பூவைப் பார்த்துக் கைகொட்டியபடி இருக்கையை நோக்கி ஓடினாள். பொதியன் பாய்ந்து வழிமறித்தான்.

"அரசே, குழந்தையை இங்கே உட்கார வைக்காதீங்க. கயிறு இத்துப்போச்சு."

"யார் திரித்த கயிறு?"

"நான் திரிச்சதுதான்."

அரசன் முகம் சிவந்தது. விழாவைக் கெடுக்க வந்தவனா இவன் என்று அமைச்சர்களைக் கேட்டான். பிறகு வேம்பியைக் கொண்டுவரச் சொன்னான்.

"கயிறு நன்றாக இருந்தால் இவளுக்கு ஒன்றும் ஆகாது. இற்றிருந்தால் வேலை கெட்டது, பிணையாள் அனுபவிக்கட்டும். அந்த இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள்."

வேம்பி மேலே பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். "இவர் கயிறு அறாதுன்னு ஊரெல்லாம் சண்டை போட்டவ நான். இவரே அறும்னா அது அறும்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

மேலே கயிற்றில் ஒரு புரி அறுந்தது. பிறகு இன்னொன்று. பொதியனுக்குக் காவலரும் தெரியவில்லை, வேல்களும் தெரியவில்லை. ஓடிப்போய் மனைவியின் மேல் கவிழ்ந்து நின்றான். மூன்றாம் புரியும் அறுந்தது. மண்ணும் செடியுமாய் அத்தனை பாரமும் அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அரசனுக்கும் கேட்டது.

மகளுக்குப் போட்ட இருக்கை மண்ணில் புதைந்து கிடந்தது. அரசன் அதைப் பார்த்தான். முன்னே வந்து, வேம்பியைத் தன் கையாலேயே தூக்கிவிட்டான். வைத்தியரைப் பொதியனிடம் அனுப்பினான்.

எலும்பு கூடியதும் பொதியனைச் சபைக்கு அழைத்து, அரண்மனைச் செடிகள் இனி உன் பொறுப்பு என்றான் அரசன். பொதியன் தயங்கினான். பிணைக்கு யாரை விடுவது என்று கேட்டான்.

"நீ சொன்ன ஒரு சொல்தான் என் மகளைக் காத்தது. உனக்குப் பிணை வேண்டாம்," என்றான் அரசன். அன்றோடு அந்த வழக்கமே அந்த நாட்டில் ஒழிந்தது.

பொதியன் அதன்பின் ஈரம் தாங்கும் தென்னங்கயிற்றில் உறி கட்டினான். ஒவ்வொரு கயிற்றையும் வேம்பி இழுத்துப் பார்த்த பிறகுதான் ஏணியில் ஏறினான்.

ஆகவே கேட்டவர்களே, தன் குறையைத் தானே முந்திக்கொண்டு சொல்பவனை நம்பித்தான் உயிரையே ஒப்படைக்கலாம்.