நாகம் படமெடுக்கத் தொடங்கிய நாள்

அந்தக் காலத்தில், ஊர்வதும் பறப்பதும் ஒரே பாஷை பேசித் திரிந்தபோது, நாகத்துக்கு விஷமும் கிடையாது, படமும் கிடையாது. மாடு மிதித்தால்கூட நாகம்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகரும்.

ஆற்றின் கீழ்க்கரைப் புற்றுக்குத் தலைவன் பொறியன் என்கிற நாகம். மேல்கரைப் புற்றுக்குச் செம்பன். நடுவே தவளைகள் நிறைந்த ஒரு மடு. அந்த மடுவுக்காக இரு கரையாரும் தலைமுறை தலைமுறையாக அடித்துக்கொண்டார்கள். கட்டிப் புரள்வார்கள், கடிப்பார்கள், காயத்தோடு வீடு திரும்புவார்கள்.

ஒரு கோடையில் கீழ்க்கரையில் இடி விழுந்து குழி பறித்தது. குழியில் நீல நீர் ஊறிக் கிடந்தது. தாகத்தில் பொறியன் அதைக் குடித்துவிட்டான். மேல்வாய் நெருப்பாக எரிந்தது. எரிச்சல் தாங்காமல் பக்கத்து மருதமரத்தை ஓங்கிக் கடித்தான்.

எத்தனை வெள்ளம் பார்த்த மரம் அது! யானைக்கூட்டம் முட்டினாலும் அசையாத மரம். கடிபட்ட இடத்திலிருந்து கறுப்பு மேலே ஏறியது. இலைகள் பழுக்கக்கூட நேரமில்லாமல் பச்சையாகவே கொட்டின. கொக்குகள் கத்த மறந்து எழுந்து பறந்தன. பொழுது சாய்வதற்குள் அவ்வளவு பெரிய மரம் வெறும் கட்டையாக நின்றது. பொறியன் அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்தான். பயமா, பெருமையா? இரண்டும்தான்.

விடிந்ததும் பெருமை மட்டும்தான் மிச்சம். கரையில் நின்று கூவினான்.

"வே, செம்பரே! மரத்தப் பாத்தீரா? மடு இனிமே எங்களுக்கு. தலையக் காட்டினா உமக்கும் அதே கதிதான்!"

செம்பன் பட்ட மரத்தையும் பக்கத்துக் குழியின் நீல நீரையும் பார்த்துக்கொண்டான். பொறியன் அசந்த நேரம் பார்த்து வந்து, அதே குழியில் வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போனான். சீக்கிரமே மேல்கரையின் பெரிய ஆலமரமும் பட்டுப்போனது. இப்போது இரண்டு கரையிலும் நிழல் இல்லை. தூக்கமும் இல்லை.

பொறியனின் மனைவி மணியாள் முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்தாள்.

"முன்னால கருடனுக்கு மட்டும் பயந்தோம். இப்ப சருகு அசைஞ்சாலும் செம்பன்தானோன்னு கெடக்கேன். நல்லாச் சம்பாதிச்சீங்க, போங்க!" என்றாள்.

"நான் முந்திக்கிட்டா?"

"அவன் சாகுறதுக்குள்ள ஒரு கடி கடிக்கமாட்டானா? அவன் பிள்ளைகதான் சும்மா இருக்குமா? இந்த முட்டைகள அப்புறம் யாரு காப்பாத்துவா?"



மடு வற்றத் தொடங்கியதும் இருவரும் நேருக்கு நேர் அகப்பட்டுக்கொண்டார்கள். முதலில் பாய்ந்தது யார் என்பதில் இன்றுவரை தகராறு. முறுக்கிப் புரண்டார்கள். சட்டென்று பொறியனின் திறந்த வாய்க்குக் கீழே செம்பனின் கழுத்து வந்து வசமாக மாட்டியது. அதே கணம் தன் கழுத்திலும் ஏதோ உரசி நிற்பது தெரிந்தது. செம்பனின் பல்.

எதிரே பட்டுப்போன மருதமரம். அதன் அடியில் பொறியனின் புற்று. உள்ளே முட்டைகள்.

பொறியன் செம்பனின் கழுத்தைவிட்டுத் தலையை விலக்கி, வாயை மூடினான்.

எதிரியின் பல் கழுத்தில் இருக்கும்போது தன் வாயை மூடுவதென்றால் சும்மாவா? அப்படி ஒரு துணிச்சலை அந்த ஆறு அதுவரை கண்டதில்லை. பொறியன் கண்ணிமைக்காமல் காத்திருந்தான். கழுத்திலிருந்த பல் மெல்ல விலகியது.

"ஏன்வே கடிக்கல?" என்று கேட்டான் செம்பன்.

"நீரு ஏன் கடிக்கல?" என்றான் பொறியன்.

முறுக்கை அவிழ்த்து இருவரும் தள்ளிப் படுத்தார்கள். பிறகு செம்பன் கேட்டான். "நாளைக்கு உமக்குக் கோவம் வந்தா எனக்கு எப்படித் தெரியும்? புல்லுக்குள்ள வந்து கடிச்சுப் போட்டுட்டீர்னா?"

"கோவம்னா எந்திரிச்சு நிப்போம். கழுத்த விரிச்சுச் சீறுவோம். எட்ட நிக்கிறவனுக்கும் தெரியணும். அதையும் மீறி மிதிக்க வந்தாத்தான் கடி. நமக்குள்ள சண்டைன்னா பழையபடி கட்டிப் புரளுவோம். வாய் மட்டும் தெறக்கப்படாது."

"அதுக்கு இந்த விஷத்தையே துப்பிட்டா என்ன?"

"நல்லது. நீரு மொதல்ல துப்பும்."

"ஏன், நீரு துப்புறதுதானே?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நின்றார்கள். யாரும் துப்பவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது மணியாள் முகம் தெளியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்க. இதுகளுக்கு என்ன தெரியும்?" என்று முட்டைகளைக் காட்டினாள்.

அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு முட்டை கீறல் விட்டது. சாண் நீளக் குஞ்சு ஒன்று வெளியே வந்தது. அதன் பல் நுனியில் நீலமாக ஒரு துளி. பொறியன் குனிந்து பார்த்தான். தான் குடித்த நீர் தன் பிள்ளையின் வாயில்!

அப்பனின் நிழல் மேலே விழுந்ததும் குஞ்சு மிரண்டது. ஆனால் பாயவில்லை. யாரும் சொல்லித்தராமலே எழுந்து நின்றது. இலையளவு கழுத்தை விரித்தது. சீறியது. சீறிவிட்டு, காத்திருந்தது.

பொறியன் தன் பிள்ளைக்கு முன்னால் தலையை மண்ணில் வைத்துப் பின்னால் நகர்ந்தான்.

அன்று முதல்தான் நாகக்குஞ்சு விஷத்தோடும் படத்தோடும் பிறக்கிறது. வளர்ந்த நாகங்கள் வாயை மூடிக்கொண்டு கட்டிப் புரள்கின்றன. மிதிக்க வருகிற காலுக்கு நாகம் ஒரு கணம் அவகாசம் கொடுக்கிறது. அந்த ஒரு கணத்தில்தான் இரண்டு கரையும் இன்னும் உயிரோடு இருக்கின்றன.