ரத்தம் கேட்ட செய்தி

“புரோகிராம் நல்லா ஓடுதுங்க மேடம். இன்னும் எதுக்குங்க ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டேங்கறீங்க?” என்று கேட்டான் சென்னியப்பன்.

ருக்குமணி அவனைவிட வயதில் இளையவள். வாயில் மேடம் என்றாலும் மனசுக்குள் அவளைக் குரு என்றே வைத்திருந்தான். அவள் தலையாட்டாமல் அந்தக் கோயமுத்தூர் ஆபீசிலிருந்து ஒரு புரோகிராமும் வாசல் தாண்டாது.

அவன் செய்தது பெரிய காரியம்தான். வார்டில் ரத்தம் கேட்டால் அது ஒரு செய்தியாக வரிசையில் வந்து நிற்கும். அவன் புரோகிராம் அதை எடுத்து ரத்த வங்கியில் பையை ஒதுக்கிவைக்கும். யாரும் யாருக்காகவும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

“வரிசையில ஒண்ணுமே தேங்கறதில்லீங்க. வந்த உடனே ‘ஆச்சு’ன்னு சொல்லி எடுத்துக்குது,” என்றான் பெருமையாக.

“ஒரு பை கேளுங்கண்ணா.”

கேட்டான். செய்தி வந்தது. ருக்குமணி எட்டி, அவன் புரோகிராம் ஓடிய கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைப் பிடுங்கினாள்.

பதறிப்போய் மறுபடி மாட்டினான். வரிசை காலி. பையும் ஒதுக்கப்படவில்லை. ஒதுக்குவதற்கு முன்பே ‘ஆச்சு’ சொன்னதால் வரிசை அந்தச் செய்தியை அழித்துவிட்டிருந்தது.

“ரத்தம் கேட்டவங்க எங்கீங்கண்ணா?”

இலையே போடாமல் ‘சாப்பாடு ஆச்சு’ என்று விருந்தாளியை வழியனுப்பிய கதையாகிவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

திரும்பிப் போய் மாற்றினான். பையை ஒதுக்கிய பிறகுதான் இனி ‘ஆச்சு’.

அவள் மறுபடியும் பிடுங்கினாள்.

இந்த முறை செய்தி தொலையவில்லை, வரிசையிலேயே நின்றது. ஆனால் பையை ஒதுக்கி முடித்து ‘ஆச்சு’ சொல்வதற்குள் கரண்ட் போயிருந்தது. மாட்டியதும் புரோகிராம் அதே செய்தியைத் திரும்ப எடுத்து, அதே நோயாளிக்கு இன்னொரு பையை ஒதுக்கியது. சோதனைக்கு வைத்த இருப்பில் கடைசிப் பை அது.

“பக்கத்துக் கட்டில்காரங்களுக்கு என்னங்கண்ணா சொல்லுவீங்க?”

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டான். எடுத்த காரியத்தைப் பாதியில் போடுகிற ஆள் இல்லை அவன்.

சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தான். ஒவ்வொரு செய்திக்கும் தனி எண் கொடுத்தான். பை ஒதுக்குவதும் எண்ணைப் பதிவதும் ஒன்றாக நடக்கும், இல்லையென்றால் இரண்டுமே நடக்காது. பதிந்த எண் திரும்பி வந்தால் பையைத் தொடாமல் ‘ஆச்சு’ மட்டும் சொல்லும்.

கொண்டுவந்து வைத்தான். ருக்குமணி திரையைப் பார்க்கவேயில்லை.

“அண்ணிக்கு இந்த மாசந்தானுங்களே பிரசவம்? அதே ஆஸ்பத்திரிதானுங்களே?”

“ஆமாங்க.”

“அவங்க பேருக்குக் கேளுங்க.”

சென்னியப்பனின் விரல் கீபோர்டின் மேல் நின்றது. பிறகு மனைவியின் பெயரை, ‘பூங்கோதை’ என்று அடித்தான்.

செய்தி வரிசையில் விழுந்ததும், ஒயரை அவனே பிடுங்கினான்.