வேதநாயகம் துறந்த வாஷிங் மெஷின்

"அம்மா, என் வீட்டுக்காரி இன்னும் பக்குவப்படல" என்றார் வேதநாயகம்.

குருவம்மா நிமிரவில்லை. ஆசிரமத்தின் பின்கட்டில் உட்கார்ந்து, அழுக்குப் போர்வைகளை வாஷிங் மெஷினுக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

குருவுக்கு வயது நாற்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தொன்பது.

பூமிக்குப் பாரமாக இல்லாமல் வாழ்வது பற்றி குரு ஒரு மாலை பேசினார். மறுவாரமே வேதநாயகம் காரியத்தில் இறங்கிவிட்டார். ஃப்ரிட்ஜ் அக்கா மகன் கடைக்குப் போனது. கிரைண்டர் தங்கை வீட்டுக்கு. வாஷிங் மெஷின் இந்த ஆசிரமத்துக்கு.

துறவு மினி லாரியில் ஏறிப் போகும் என்பதை அவர் தெரு அன்றுதான் கண்டது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் எழுந்ததும் மீட்டரைப் போய்ப் பார்ப்பார். அது நகராமல் நிற்பதில் அவருக்கு ஒரு பேரானந்தம்.

மீட்டர் ஓய்ந்த வீட்டில் அவர் மனைவி மீனலோசனி ஓடினாள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மாவு இரண்டாம் நாளே பொங்கிப் புளிக்கும். அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் ஆட்டுரல். எளிமை வேண்டி அவர் கதருக்கு வேறு மாறியிருந்தார். எட்டு முழக் கதர் வேட்டி நனைந்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கும். அதிலும் வெள்ளை.

மூன்றாம் மாதம் அவள் வலது மணிக்கட்டு வீங்கியது. வேப்பெண்ணெய் தடவச் சொன்னார். மரத்திலிருந்து வருவது, கெடுதல் கிடையாது.

ஆசிரமத்துக்கு வந்த அன்று காலை மீனலோசனி, வெள்ளிக்கிழமை சங்கரன்கோவிலுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். எப்போது திரும்புவாய் என்று கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்றாள். யாரிடம் கேட்க வேண்டும் என்றார். கையிடம் என்றாள்.

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. இனி அவள் திரும்பி வராமலே போய்விட்டால்?

அந்தப் பயத்தைக் குருவிடம் சொல்லவில்லை. நேரில் வந்து அவளுக்கு இரண்டு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"சொன்னாப் போச்சு" என்றார் குரு. "அதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் ஓட விடுங்க. உங்க வீட்டு மெஷின்தானே? ஓட்டுற பொண்ணு இன்னிக்கு லீவு."

வேதநாயகம் மெஷின் முன்னால் குனிந்தார்.

ஒரு பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொன்றை அழுத்தினார். மெஷின் ஒரு சின்னப் பாட்டுப் பாடிவிட்டு அணைந்துபோனது. சோப்புத்தூளை எங்கே போடுவது என்று தெரியாமல் கதவைத் திறந்து போர்வை மேலேயே கொட்டினார்.

குரு மெஷினின் மேல்மூலையில் இருந்த சின்ன இழுப்பறையை இழுத்துக் காட்டினார். அப்படி ஒன்று இருப்பதை வேதநாயகம் அன்றுதான் பார்த்தார்.

"எத்தனை வருஷம் வீட்டுல இருந்தது?"

"ஒன்பது வருஷம்மா."

"யார் ஓட்டுவா?"

"அவதான்."

"கிரைண்டர்?"

"அதுவும் அவதான்."

"ஃப்ரிட்ஜ்?"

வேதநாயகத்துக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அதுல நான் தண்ணி பாட்டில் எடுப்பேன். இப்ப அதையும் விட்டாச்சு. மண்பானைதான்."

"பானையில யார் தண்ணி ஊத்துறா?"

வேதநாயகம் போர்வை மேல் கொட்டிய சோப்புத்தூளைக் கையால் அள்ளத் தொடங்கினார்.

"உங்க வீட்டுல அவ்வளவு பெரிய துறவி இருக்காங்க" என்றார் குரு. "அவங்களுக்கு நான் வந்து புத்தி சொல்லணுமாக்கும்."

மெஷினைத் திரும்ப எடுத்துப் போகலாமா என்று வேதநாயகம் கேட்டார்.

"என்னை ஏன் கேக்குறீங்க?"

வேதநாயகம் போர்வைகளை வெளியே இழுத்தார். யாரும் சொல்லாமலே துவைகல்லுக்குத் தூக்கிக்கொண்டு போனார். கீழே குவிந்திருந்தவற்றையும் சேர்த்து மொத்தம் பதினொன்று. ஐந்தாவதிலேயே கை எரிந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் துவைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை காலை மீனலோசனி பையோடு கூடத்துக்கு வந்தாள். சொல்லிக்கொள்ள அவரைத் தேடினாள். மீட்டரிடம் இல்லை.

கிணற்றடியில் இருந்தார். இடுப்பில் துண்டு. கல்லில் அவருடைய கதர் வேட்டி. பக்கத்து வாளியில் அவளுடைய புடவைகளும் ஊறிக்கொண்டிருந்தன.

அவர் அடித்துத் துவைப்பதைப் பார்த்துக்கொண்டே அவள் கிட்டே வந்தாள்.

"அந்த அடி அடிச்சா நூல்தான் மிஞ்சும். தள்ளுங்க."

"நீ வாயால சொல்லு. நான் பண்றேன்."

அவள் பையைக் கீழே வைக்கவில்லை.

ஆசிரமத்தில் மெஷினைத் திருப்பித் தருவார்கள், கொண்டுவரட்டுமா, வேண்டாமா என்று கேட்டார். நீ சொல்வதுதான் என்றார்.

"என்னையா கேக்குறீங்க?"

"உன்னைத்தான்."

மீனலோசனி யோசித்தாள். அவசரமே இல்லாமல் யோசித்தாள்.

"கிரைண்டர் வரட்டும். உங்க தங்கச்சிகிட்ட நீங்களே போய் வாங்கிட்டு வாங்க, அந்த அழகை நான் பாக்கணும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், அது இல்லாம பழகிட்டேன். துணிக்கு..."

அவர் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"துணிக்கு ஒரு மாசம் பார்க்கலாம்."

வேதநாயகம் வேட்டியை அலசித் தூக்கினார். தனியாகப் பிழியப் பார்த்தார். தண்ணீர் அவர் கால் மேலேயே கொட்டியது. கதர் அசையவில்லை.

மீனலோசனி பையைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். இடது கையால் வேட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கறேன். முறுக்குங்க."