பொன்மாரியை மறந்த மூவர்

கோணவாய்ப்பட்டியின் குடிநீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்ள மூன்று பேர் இருந்தார்கள். மேற்பார்வையாளர் அங்கப்பன், மோட்டார் போடும் சிங்காரவடிவு, குழாய் பார்க்கும் உலகநாதன். மூவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொட்டி தினமும் நிரம்பி வழியும். தண்ணீர் பக்கத்து ரேஷன் கடைக்குள் புகுந்து சீனியைப் பாகாக்கிவிடும்.

பொறுத்துப் பார்த்த பேரூராட்சி, தொட்டியில் ஒரு சென்சாரும் மோட்டார் அறையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் வைத்தது. தொட்டி நிரம்பியதைச் சென்சார் பார்த்தால் மோட்டார் நின்றுவிடும். ஆனால் அது தானாகப் பார்க்காது. ‘இப்போ பார்’ என்று அதைத் தட்டியெழுப்ப ஒரு ட்ரிகர் வேண்டும். அதை உண்டாக்கும் வழியை இன்ஜினியர் மெர்லின் திருநெல்வேலியிலிருந்து போனில் சொன்னார்.

“முதல்ல ட்ரிகர்ஸ்னு இருக்கிற ஃபோல்டருக்குள்ள போங்க.”

அங்கப்பன் திரையை அளந்தார். ஒரு சாண்கூட இல்லை.

“உலகநாதா, நம்மள்ல நீர்தான் ஒல்லி.”

உலகநாதன் சட்டையைக் கழற்றிவிட்டு முயன்றார். தலை நுழையவில்லை என்று போனில் தெரிவித்தார்கள். மவுஸை இரண்டு தரம் தட்டினால் போதும் என்றார் மெர்லின்.

“இப்ப அதுக்குள்ள ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கி, ஒரு பேர் வைங்க. அதுதான் ட்ரிகர்.”

பேர் வைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தண்ணீர் சமாச்சாரம் என்பதால் ‘பொன்மாரி’ என்று முடிவானது. அந்தப் பேரில் ஃபோல்டரை உண்டாக்கித் திறந்தால், உள்ளே கம்ப்யூட்டர் தானாகவே வைத்த ஃபைல்கள் ஏற்கெனவே இருந்தன.

“நாம ஒண்ணுமே வைக்கலையே. எப்படிவே வந்துச்சு?” என்றார் சிங்காரவடிவு.

“நிறைமாசமா இருந்திருக்கு,” என்றார் அங்கப்பன்.

அடுத்து, சென்சாரின் ஃபைலில் அந்தப் பேரை எழுத வேண்டும். பெண்பிள்ளையை மொட்டையாக எழுதுவது மரியாதையில்லை என்று ‘செல்வி பொன்மாரி’ என எழுதினார்கள். கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.

“நிறைமாசம்னு நீர்தானே சொன்னீரு? அப்புறம் எப்படிச் செல்வி?” என்று உலகநாதன் கேட்டார்.

‘திருமதி பொன்மாரி’ என்று மாற்றினார்கள். அதையும் ஏற்கவில்லை. “வெறும் பொன்மாரி,” என்றார் மெர்லின், பல்லைக் கடித்துக்கொண்டு. உடனே ஏற்றது. அன்று முதல்முறையாக, தொட்டி நிரம்பியதும் மோட்டார் நின்றது. ரேஷன் கடைக்காரர் ஈரமில்லாத சீனியைக் கையில் அள்ளிவந்து காட்டிவிட்டுப் போனார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்த ஃபோல்டர் டிஸ்க்ல இல்ல, மெமரியில மட்டும்தான் இருக்கு. கரண்ட் போனா போயிடும்,” என்றார் மெர்லின்.

“யாரு மெமரியில மேடம்?” என்று கேட்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. ஊர்த் தண்ணீர் விஷயம். நம் மெமரியாகத்தான் இருக்கும் என்று மூவரும் பொறுப்பேற்றுக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் நண்பகலில் கரண்ட் போனது. மூவரும் சம்மணமிட்டு, கண்ணை மூடி, பொன்மாரியை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஃபோல்டரைக் காணோம்.

“உண்மையைச் சொல்லுங்க. யாரு மறந்தது?” என்றார் அங்கப்பன்.

சிங்காரவடிவு தலையைக் குனிந்தார். “நடுவுல கொஞ்ச நேரம் புரோட்டா ஞாபகம் வந்துட்டு.”

“சால்னாவோடயா?”

“ஆமா.”

“பெறகு எங்க இடம் இருக்கும்?” என்றார் அங்கப்பன் வருத்தத்தோடு. அன்று மாலை சீனி மறுபடி பாகாயிற்று.

மறுநாள் மெர்லினே பஸ் ஏறி வந்தார். கரண்ட் வந்ததும் ஃபோல்டர் தானாகவே உண்டாகும்படி கம்ப்யூட்டரில் எழுதிவைத்தார். கிளம்பும்போது நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

“இனிமே அதுவே பார்த்துக்கும். இந்த ரூம்ல நீங்க எதையும் தொடாதீங்க.”

அதன்பின் ஊருக்கு இரண்டு நாள் தண்ணீர் வரவில்லை. பேரூராட்சித் தலைவி சண்முகத்தாய் காலிக் குடத்தோடு மோட்டார் அறைக்கு வந்தார். உள்ளே மூவரும் வியர்க்க விறுவிறுக்கக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் மோட்டார் போடல?”

“எதையும் தொடக் கூடாதுன்னு இன்ஜினியர் உத்தரவும்மா,” என்றார் அங்கப்பன், ஒரு குதிப்பில்.

“சரி, எதுக்கு இந்தக் குதி?”

“தரையும் ரூம்லதானம்மா இருக்கு.”

சண்முகத்தாய் குடத்தைக் கீழே வைத்தார். “கீழ வரும்போது தரையைத் தொடத்தானே செய்யுதீக?”

அங்கப்பன் இன்னொரு தரம் குதித்து, யோசித்து, இறங்கினார்.

“நாங்க தொடலம்மா. தரைதான் எங்களைத் தொடுது.”